பகடை இல்லாத பலகை

அன்பு மகளுக்கு,



உங்கள் பாடசாலைச் சுகாதாரக் கழகம் டெங்குவைப் பற்றி ஒரு ‘பாம்பும் ஏணியும்’ பலகை செய்யப்போவதாக எழுதியிருந்தாய். மாரிக்கு முன் முடிக்க வேண்டும் என்ற உன் அவசரம் நியாயமானது. ஒக்டோபரில் மழை இறங்கினால் ஜனவரி வரைக்கும் நம் கரையோரத்தில் தண்ணீர் தேங்காத மூலை கிடையாது. ஆனாலும் பாம்பின் தலையில் ‘குப்பை போட்டாய்’ என்றும் ஏணியின் அடியில் ‘வளவைக் கூட்டினாய்’ என்றும் எழுதி ஒட்டும் வேலையைக் கொஞ்சம் நிறுத்திவை.

அந்தப் பலகையில் ஒரு பிள்ளை ஏன் பாம்பின் வாயில் விழுகிறது? பகடையில் நான்கு விழுந்ததால். குப்பைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆடி எழும்பும்போது மனதில் நிற்பது அதிர்ஷ்டம் மட்டுமே. வருகிற நோய் வந்தே தீரும் என்று கைகட்டி இருப்பவர்களின் எண்ணத்தைத்தான் அது உறுதிப்படுத்தும்.

நம் ஊரில் பெரியவர்கள் பலர் மார்க்கக் காரணத்தால் பகடை உருட்டுவதை விரும்புவதில்லை. அதை உன் வேலைக்குத் தடையாக எண்ணாதே. பகடையை எடுத்துவிட்டால் காய் நகர வேறொரு காரணம் தேவைப்படும். அந்தக் காரணம் ஆடுபவரின் முடிவாக இருக்கட்டும். சுகாதாரப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

பாம்பும் ஏணியும் இந்தியாவில் நற்செயல், தீச்செயல் கற்பிக்கப் பிறந்த விளையாட்டு. ஆன்மிகப் படிகளை எழுதிய சூபிப் பலகைகளும் உண்டு. நம் காலத்தில் நைஜீரியாவின் ஓகன் மாநிலத்தில், ஆற்று நத்தைகள் வழியாகத் தொற்றும் புழுநோயைப் பற்றிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதே வடிவத்தில் ஒரு பலகை செய்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆடிய பிள்ளைகளின் அறிவு கூடியிருந்தது. ஆகவே அந்த வடிவம் பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நோய் எப்படி வருகிறது என்று ஒப்புவிப்பது ஒன்று, வெள்ளிக்கிழமை காலையில் வாளியைத் தேய்த்துக் கழுவுவது வேறொன்று.

எனக்குப் பிடித்த முன்மாதிரி, 2008இல் அமெரிக்கரான மட் லீகொக் வடிவமைத்த ‘பாண்டமிக்’ என்ற பலகை விளையாட்டு. அதில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் வெல்வதில்லை. எல்லோரும் சேர்ந்து நோய்களோடு மோதுகிறார்கள். வென்றால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். டெங்குவுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. நம் வீட்டுக் குரும்பைக் கோம்பையில் பிறக்கும் நுளம்பு, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும்.

அப்படியானால் உன் பலகை ஓர் ஒழுங்கையாக இருக்கட்டும். நாலு பேர் ஆடினால் நாலு வீடு. கரையில் கவிழ்க்காமல் விட்ட தோணி, பழைய டயர், ஓட்டுப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, யோகட் கோப்பை எல்லாம் பலகையில் வரட்டும். ஒரு சுற்று ஒரு நாள். ஒவ்வொருவரும் ஒரு நாளில் இரண்டு வேலைதான் செய்யலாம். நுளம்பு யாருக்கும் காத்திராது. முட்டை, குடம்பி, கூட்டுப்புழு என்று தானாக நகரும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் என்பதால், வாரம் ஒருமுறை சுத்தம் செய்வது ஏன் என்று நீ விளக்கவே தேவையில்லை. ஆட்டமே சொல்லிவிடும்.

‘தண்ணீரைக் கொட்டினேன்’, ‘தேய்த்துக் கழுவினேன்’ என்று இரண்டு அட்டைகளைத் தனித்தனியாக வை. டெங்குவைப் பரப்பும் ஈடிசு நுளம்பு முட்டைகளைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடும். அவை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே கொட்டியவருக்குச் சில சுற்றுகளுக்குப் பிறகு குடம்பி திரும்ப வரவேண்டும். ‘கொட்டினேன்தானே!’ என்று யாராவது சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையை அவசரப்பட்டுத் தீர்க்காதே. அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும்.

காய்ச்சல் அட்டைகளில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பொதுவாக மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும்போது பிள்ளை தேறிவிட்டது என்று உம்மாமார் நிம்மதியடைகிறார்கள். டெங்குவின் ஆபத்தான கட்டம் தொடங்குவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டுமே, அதுவும் உரிய அளவில். அஸ்பிரினோ இபுபுரூஃபனோ கூடாது. 2017இல் நம் இலங்கையில் 186,101 டெங்கு நோயாளிகள் பதிவாகி, 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த அட்டைகளில் வேடிக்கைக்காக ஒரு சொல்லும் சேர்க்காதே.

பிலிப்பைன்ஸில் டெங்குவைப் பற்றிப் படித்த பிள்ளைகளே விளையாட்டுகளை உருவாக்கியதை ஆய்வாளர்கள் லெனனும் கூம்ப்ஸும் 2006இல் எழுதினார்கள். நீயும் முழுப் பலகையையும் ஒருத்தியாகச் செய்து முடிக்காதே. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடு, விதியை மாற்றச் சொல். தோணா நீரோடையை எங்கே வரைவது என்று கரைப்பக்கத்துப் பிள்ளைகள் உன்னைவிட நன்றாகச் சொல்வார்கள். உண்மையான வீட்டுக்காரர் எவருடைய பெயரையும் பலகையில் எழுதவேண்டாம்.

விதிகளை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அச்சுக்குக் கொடுக்கும் முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒவ்வோர் அட்டையையும் காட்டிச் சரிபார்த்துக்கொள்.

உன் பெரியவாப்பா
சாய்ந்தமருது