எடைக் குறைப்பும் நிலையான உணவுப் பழக்கமும்

ஊட்டக் குறைவே நம் நாட்டின் உணவுப் பிரச்சினை என்று பல்லாண்டுகளாகக் கருதி வந்தோம். அது தீருமுன்னரே அதன் மறுமுனையும் வந்து சேர்ந்துள்ளது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் மிகை எடை உடையோர் 2015-16இல் 23 சதவீதம். 2019-21இல் 30 சதவீதம். ஆடவரும் ஏறக்குறைய இதே நிலையில்தான் உள்ளனர். நாள் முழுதும் அமர்ந்தே பணிபுரிவோர் மிகுந்த பெங்களூருக்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று.

எடையைக் குறைக்க விரும்புவோர் முதலில் நாடுவது கடும் உணவுக் கட்டுப்பாட்டையே. சில வாரங்களில் எடை குறைகிறது. சில மாதங்களில் திரும்பி வருகிறது. இதற்கு மனவுறுதிக் குறைவை மட்டும் காரணமாகக் கூறுவது நியாயமாகாது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமே முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தனர். அவர்களது எடை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. கூடவே, ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலும் வெகுவாகக் குறைந்தது. உணவு மீண்டும் கிடைத்தபோது பலருக்கு அடங்காப் பசி. உடலில் சேர்ந்த கொழுப்போ முன்பிருந்ததையும் மிஞ்சியது. அவர்கள் பருமனானவர்கள் அல்லர் என்பது உண்மையே. எனினும் பஞ்சத்தை எதிர்கொள்ளும் உடலின் இயல்பை அது காட்டிற்று.

ஆகவே ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடிய மாற்றமே பயன் தரும். பெங்களூருவைச் சுற்றியுள்ள கிராமங்களின் உணவான கேழ்வரகுக் களியையும் கீரைச் சாற்றையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கேழ்வரகு மருந்தன்று. நூறு கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி, கேழ்வரகில் 320. வேறுபாடு சிறிதே. ஆனால் நார்ச்சத்து அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகில் 11 கிராம். உடன் வரும் கீரையும் அவரையும் வயிற்றை நிறைக்கின்றன. உழவர் உண்ணும் உருண்டையின் அளவு மட்டும் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குப் பொருந்தாது! கேழ்வரகு பிஸ்கட்டை இக்கணக்கில் சேர்ப்பதும் தவறு.

சிறு மாற்றங்களும் பொருட்படுத்தத் தக்கவையே. நாளொன்றுக்கு மூன்று காபி. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 120 கலோரி. இதை விட்டால், ஏட்டுக் கணக்கில் ஆண்டுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். உடலின் தேவையும் சுருங்குவதால் நடைமுறையில் அவ்வளவு குறையாது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வாரத்திற்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பானது என்கிறது. வீட்டில் ஒருவருக்கென்று தனிச் சமையல் நெடுநாள் நடவாது. குடும்பம் முழுவதற்குமான சமையலே மாற வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கலந்த பின்னரே உணவின் அளவை மாற்ற வேண்டும்.