இரு விழியால் வழி காணும் வண்டி

செடெனாக் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் நடந்து செல்லும் நாம், எதிரே தோன்றும் பள்ளம் எத்தனை அடித் தொலைவில் இருக்கிறதென்று அளந்து பார்ப்பதில்லை. கண் காண்கிறது, கால் விலகுகிறது. ஆளில்லா வண்டியொன்று அவ்வாறு விலகிச் செல்லுமா?

மாணவர்களே, கைக்கொரு பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் நீட்டி அவற்றின் முனைகளை ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். பெரும்பாலும் தவறிப்போகும். இரு கண்களையும் திறந்தால் எளிதில் கைகூடும். நம் கண்கள் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருப்பதால், இரண்டும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. முகத்தின்முன் விரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். தொலைவிலுள்ள மரமோ அசையாது. பெயர்ச்சி மிகுந்தால் பொருள் அருகிலுள்ளது; குறைந்தால் தொலைவிலுள்ளது. மூளை இதைக்கொண்டு தூரத்தை அறிகிறது.

இயந்திரத்திற்கும் இதே வழிதான். ஒரே கல்லை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களில் கண்டுபிடித்து, அது பெயர்ந்த அளவைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. 1979இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஹான்ஸ் மொராவெக் உருவாக்கிய முறையால் ஒரு வண்டி, நாற்காலிகள் நிறைந்த அறையைத் தானே கடந்தது. அதற்கு ஏறக்குறைய 5 மணி நேரம் பிடித்தது! நத்தையே மேல் என நாம் நகைக்கலாம். ஆயினும் அது எதிலும் மோதாமல் சென்றதே பெரிது.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் இந்தியாவின் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். அதிலிருந்து வெளிவந்த பிரக்யான் என்னும் 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டியின் முன்புறத்தில் இரு காமிராக்கள் இருந்தன. அவை எடுத்த படங்கள் பூமிக்கு வந்தன. அறிஞர்கள் அவற்றிலிருந்து மேடுபள்ள வரைபடம் தயாரித்து, வழியைத் தேர்ந்து, கட்டளை அனுப்பினர். அவ்வரைபடம் 5 மீட்டருக்கு அப்பால் செல்லாது. நம் தோட்டத்தில் இரு செம்பனைகளுக்கு இடையே ஏறக்குறைய 9 மீட்டர் உண்டே. அதில் பாதியை எட்டியதும் நின்று, மீண்டும் படமெடுக்க வேண்டும்! நிலவின் பகலோ நம் நாட்கணக்கில் ஏறத்தாழ 14 நாட்கள் மட்டுமே. இருள் சூழ்ந்தால் வண்டிக்கு மின்சாரம் இல்லை.

முதலில் எதிர்ப்பட்ட 10 சென்டிமீட்டர் ஆழக் குழியை வண்டி கடந்துவிட்டது. ஆகஸ்டு 27ஆம் நாள், 3 மீட்டருக்கு முன்னால் 4 மீட்டர் அகலமுள்ள பெருங்குழியொன்று படத்தில் தெரிந்தது. வீழ்ந்தால் தூக்கிவிட அங்கு யார் உளர்? வந்த வழியே திரும்புமாறு கட்டளை சென்றது. வண்டி திரும்பி, வேறு பாதையில் நடந்தது.

செப்டம்பர் 2ஆம் நாள் அது உறக்க நிலையில் வைக்கப்பட்டது. அதுவரை அது கடந்த தூரம் 100 மீட்டருக்குச் சற்று மேல். நம் தோட்டத்து வரிசையில் ஏறத்தாழ பன்னிரண்டு செம்பனைகள்.