இரண்டுக்கும் செங்குத்து: எந்த வழியில் காண்பது?

(1, 4, 1), (3, 2, −2) என்று இரண்டு வெக்டர்கள். இரண்டுக்கும் செங்குத்தான அலகு வெக்டரைக் காண வேண்டும். பிளஸ் டூ மாணவர் கையில் இரண்டு வழிகள் உண்டு: வெக்டர் பெருக்கம்; அல்லது திசையிலிப் பெருக்கத்தைப் பூச்சியமாக்கிச் சமன்பாடுகளைத் தீர்ப்பது. முப்பரிமாணக் கணக்கென்றால் முதல் வழியில் தொடங்குங்கள் என்பேன். ஆனால் இரண்டாவதைக் கைவிட்டுவிடக் கூடாது.

வெக்டர் பெருக்கத்துக்கான அணிக்கோவையை விரித்தால் (−10, 5, −10) கிடைக்கும். உடனே 100 + 25 + 100 என்று கூட்டி வர்க்கமூலம் எடுக்கலாம். 15 வரும், தவறில்லை. ஆனால் இங்கே நமக்கு வேண்டியது திசை மட்டுமே. 5ஐப் பொதுக்காரணியாக வெளியே எடுத்தால் எஞ்சுவது (−2, 1, −2), எண்ணளவு 3. விடை ±(2, −1, 2)/3. எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்தச் சின்ன வேலையின் அருமை தெரியும்.

இந்த வழியில் சறுக்குமிடம் நடுக்கூறு. அங்கே வரும் கழித்தல் குறியை மறந்தால் (−10, −5, −10) என்றாகிவிடும். எண்ணளவு அதே 15தான் என்பதால் சந்தேகமே வராது. முதல் வெக்டரோடு திசையிலிப் பெருக்கம் செய்தால் −10 − 20 − 10 = −40; பூச்சியம் வரவில்லை, பிழை பிடிபட்டது. இரண்டு வரிச் சரிபார்ப்புதான், தேர்விலும் தவிர்க்காதீர்கள்.

சமன்பாட்டு வழியில் தேடும் வெக்டரை (க, ச, ட) என்று கொள்வோம். க + 4ச + ட = 0, 3க + 2ச − 2ட = 0. தீர்த்தால் க = −2ச, ட = −2ச. ச = 1 எனில் (−2, 1, −2), அதே திசை. குறி குழப்பாது என்பது இதன் நல்ல அம்சம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஒரு கூறை 1 என்று வைத்துவிடாதீர்கள். (1, 0, 1), (1, 0, −1) ஆகியவற்றுக்குச் செங்குத்து (0, 1, 0); அங்கே ட = 1 என்று வைத்தால் சமன்பாடுகள் ஒன்றோடொன்று முரண்படும்.

1843இல் ஹாமில்டன் கண்ட குவாட்டர்னியன் பெருக்கத்துக்குள் வெக்டர் பெருக்கம், திசையிலிப் பெருக்கம் இரண்டும் சேர்ந்தே இருந்தன; கிப்ஸ் போன்றோர்தான் பின்னர் அவற்றைத் தனித்தனியாக்கினர். ஒன்றால் கண்டதை மற்றதால் சோதிக்கும் வசதி நமக்கு அப்படி வந்தது.

இன்னொரு குறுக்குவழியும் ஆசை காட்டும்: இரண்டையும் முதலில் அலகு வெக்டர்களாக்கிப் பெருக்கினால் அலகு வெக்டர்தானே வரும்? வராது. விடையின் எண்ணளவு இடைக்கோணத்தின் சைன். நம் கணக்கில் ஏறத்தாழ 0.86. கொடுத்த இரண்டும் தமக்குள் செங்குத்தாக இருந்தால்தான் 1 ஆகும்.

நான்கு பரிமாணத்தில் இரண்டு வெக்டர்களை மட்டும் கொண்டு செய்யும் வெக்டர் பெருக்கம் கிடையாது. அங்கே சமன்பாடுகள்தான் கைகொடுக்கும்.

± குறியில் எதை எடுப்பது என்பது கேள்வியைப் பொறுத்தது. தேர்வில் இரண்டையும் எழுதுங்கள். கணினி வரைகலையில் முக்கோணப் பரப்பின் வெளிப்பக்கம் வேண்டுமென்றால், முனைகளை வெளியிலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாக வரிசைப்படுத்தி, ஒரு முனையிலிருந்து அடுத்தடுத்த இரண்டுக்கும் செல்லும் வெக்டர்களை அதே வரிசையில் பெருக்குங்கள். வலக்கை விதிப்படி திசை வெளியே நோக்கும். நிரலில் எண்ணளவால் வகுக்கும் முன் அது பூச்சியத்தை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் இரண்டும் ஏறக்குறைய இணை வெக்டர்களாக இருக்கலாம். வரும் திசையை நம்ப முடியாது.