கணிப்பொறி எழுப்பும் எச்சரிக்கை ஒலி

எச்சரிக்கை ஒலியில் ஓசைக்கு எவ்வளவு பொருளுண்டோ, இடைவெளிக்கும் அவ்வளவு உண்டு. தீ விபத்தின்போது மக்களை வெளியேற்ற ஐ.எஸ்.ஓ. 8201 என்னும் பன்னாட்டுத் தரம் ஓர் ஒலிமுறையை வகுத்துள்ளது. அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம் என மூன்று முறை. மூன்றாவதன் பின் மட்டும் மௌனம் ஒன்றரை நொடி. ஆக ஒரு சுற்று 4 நொடி. இடைவெளி குலைந்தால் அது வெறும் இரைச்சலே.

இதனை நிரலாக எழுத முயன்றேன். ஆஸ்கி அட்டவணையில் 7ஆம் எண் மணிக்குரியது. பழைய டெலிபிரிண்டர்களில் அது மெய்யாகவே மணியடித்தது. அதை மூன்று முறை அச்சிடச் சொன்னேன். ஒரே ஒரு 'பீப்' கேட்டது! நண்பர்கள் சிரித்தனர். ஒலி முடியும்வரை காத்திராமல் நிரல் மூன்றையும் ஒரு கணத்தில் அனுப்பிவிட்டதே காரணம். ஒவ்வொன்றின் பின்னும் 'ஸ்லீப்' கட்டளை இட்டதும் மூன்றும் பிரிந்து கேட்டன.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. 'ஸ்லீப்' பெரும்பாலும் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாகவே உறங்கும். சுற்றுக்கு 20 மில்லிநொடி பிந்துவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 18 நொடி பின்தங்கிவிடும். ஒரே கட்டடத்தில் ஒன்றாகத் தொடங்கிய இரு கருவிகள் இவ்வாறு வெவ்வேறளவில் பிசகினால், ஒன்றின் மௌனத்தை மற்றதன் ஒலி நிரப்பிவிடுமன்றோ?

எனவே 'இவ்வளவு நேரம் உறங்கு' என்று கூறலாகாது. முடிந்த சுற்றுகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கித் தொடக்க நேரத்துடன் கூட்டி, 'அந்நேரம் வரை உறங்கு' எனல் வேண்டும். அப்போது ஒரு சுற்றின் தாமதம் அடுத்ததில் சேராது. பைத்தான் மொழியில் இதற்கு 'மோனோடோனிக்' கடிகாரமே ஏற்றது. நாள், மணி காட்டும் கடிகாரத்தை யாரேனும் திருத்தினால் அது பின்னோக்கியும் செல்லும்.