பாவசங்கீர்த்தனத்தில் ஒளிக்கலாமா?



பல வருஷமாய்த் தராசில் குறைத்து நிறுத்து ஏழைகளின் காசை அபகரித்த வியாபாரி ஒருவன், "கோபித்தேன், சுவாமி, காலைச் செபம் விட்டேன், சுவாமி" என்று மட்டும் சொல்லி எழுந்து போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குருவானவரை ஏய்த்தான்; சர்வேசுரனை ஏய்க்க முடியுமா?

தாவீது இராஜா பிறன் மனைவியை அபகரித்து, அவள் புருஷனாகிய ஊரியாசைப் போர்முனையில் சாகவிட்டார். நாத்தான் தீர்க்கதரிசி கண்டித்தபோது அவர் சாக்குச் சொல்லவில்லை. ஆண்டவருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்ததாக ஒத்துக்கொண்டார், மன்னிப்பு அடைந்தார். ஆதாமோ ஏவாளின்மேல் பழி போட்டான்.

திருச்சபை நம்மிடம் கேட்பது இதுவே: ஆத்தும சோதனை செய்தபின் நினைவுக்கு வரும் சாவான பாவங்களை, இன்ன பாவம், இத்தனை தடவை என்று சொல்ல வேண்டும். மறந்துபோன பாவம் மற்றவைகளோடு மன்னிக்கப்படும். பின்பு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்ல வேண்டும். சாவான பாவத்தை வேண்டுமென்று மறைத்தாலோ, ஒன்றும் மன்னிக்கப்படாது; தேவதுரோகமும் கூடச் சேரும். அந்த வியாபாரி மறைத்ததைச் சொல்வதோடு, எடுத்த காசையும் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன்.

வெட்கம் நாவைக் கட்டுகிறதா? "சுவாமி, ஒரு பாவத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதற்கு அவர் உதவி செய்வார். கேட்டதை உயிர் போனாலும் வெளியிடமாட்டார்.

அடுத்த முறை முழந்தாளிடும்போது, எதைச் சொல்லாமல் விடப் பார்க்கிறீர்களோ, அதையே முதலில் சொல்லுங்கள்.