ட்ரயல் முடிந்ததும் பணம் போய்விட்டதா?

ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் ட்ரயல் என்று ஆப் அழைக்கிறது. யூபிஐ பின்னை அடிக்கிறோம். போவது ஒரு ரூபாய்தான். ஆனால் இனிமேல் கேட்காமலே பணம் எடுத்துக்கொள்ள ஆட்டோபே அனுமதியும் அதோடு போய்விடுகிறது. எட்டாம் நாள் ஓராண்டுச் சந்தா மொத்தமாகக் கழிந்த பிறகுதான் பலருக்கு அது தெரிகிறது. இப்போது வேலை இரண்டு: இனி போகாமல் நிறுத்துவது, போனதைத் திரும்ப வாங்குவது. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

செய்ய வேண்டியவை

• முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள். அடுத்து யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியையும் நீக்குங்கள். கார்டு என்றால் வங்கியிடம் சொல்லி நீக்க வேண்டும். ரத்தானதைக் காட்டும் திரையைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

• பழைய எஸ்எம்எஸ், மின்னஞ்சல்களைத் தோண்டிப் பாருங்கள். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு என்பதோடு, வேண்டாமென்று மறுக்கும் வழியும் அதில் இருக்க வேண்டும். அப்படி எதுவும் வரவில்லையா? புகாரில் முதல் வரியாக அதையே எழுதுங்கள்.

• நிறுவனத்திடம் எழுத்தில் ரீஃபண்ட் கேளுங்கள். கதை வேண்டாம்; தேதி, தொகை, பரிவர்த்தனை எண் போதும். கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்கலாம். தகவல் வந்தும் ரத்து செய்ய மறந்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். ஆனாலும் உடனே கேளுங்கள். பணம் எடுத்த பிறகு சேவையைத் தொடவே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

• நிறுவனம் கைவிரித்தால் வங்கியில் டிஸ்ப்யூட் பதிவு செய்து, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448.

• நிறுவனத்தின் மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். ஏமாற்று வடிவமைப்புகள் என்று 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13-இல் சந்தாப் பொறியும் ஒன்று. ரத்து செய்யும் பட்டனை ஒளித்து வைப்பது மட்டுமல்ல, இலவசச் சந்தாவுக்கே ஆட்டோ டெபிட் அனுமதியைக் கட்டாயமாக்குவதும் அதில் அடங்கும். எத்தனையோ ஆப்கள் இன்றும் இதைத்தான் செய்கின்றன. உங்களுக்குப் பணம் கிடைத்துவிட்டாலும் இந்தப் புகாரைக் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை

• ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். நிற்காது.

• "இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை" என்று வங்கியில் எழுதாதீர்கள். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பாதுகாப்பு என்ற விதி, கணக்கில் வேறு யாரோ புகுந்து திருடியதற்கானது. நீங்கள் பின் அடித்து அனுமதி தந்த பதிவு வங்கியிடம் இருக்கும். அது வெளியே வந்ததும் உங்கள் உண்மையான குறையையும் யாரும் கேட்க மாட்டார்கள். ரத்து செய்த பிறகும் எடுத்தார்கள், முன்னறிவிப்பு இல்லை, விலையை மறைத்தார்கள் – எது நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள்.

• கோபத்தில் கார்டையே பிளாக் செய்யாதீர்கள். இன்சூரன்ஸ் பிரீமியமும் அதில்தான் போய்க்கொண்டிருக்கும்.

• கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்கள் அங்கே ஏராளம். ஆப்புக்குள்ளே இருக்கும் உதவிப் பக்கத்தையே பயன்படுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்: நமக்குப் பணம் வருவதற்கு பின்னோ ஓடிபியோ தேவையே இல்லை. கேட்டால், போனை வைத்துவிட வேண்டும்.

• "பணம் தர முடியாது, மூன்று மாதம் கூடுதலாகத் தருகிறோம்" என்றால் பேச்சுவாக்கில் சரி என்று சொல்லிவிடாதீர்கள். பிரச்சினை தீர்ந்தது என்று அதையே வங்கியிடம் காட்டுவார்கள்.