விளையாட்டுக் கம்ப்யூட்டரின் வேகக் கணக்கு

மளிகைக் கடை நண்பர் ஒருவர், தம் மகன் கேட்ட விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கான விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு மண்டிக்கு வந்தார். இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். எதிரே வேக எண்கள். அதிக எண் உள்ளதற்குப் பல ஆயிரம் கூடுதல் விலை. உற்றுப் பார்த்தால் ஒரு கார்டை டைரக்ட்எக்ஸ் 11 முறையிலும் மற்றதை டைரக்ட்எக்ஸ் 12 முறையிலும் ஓட்டியிருக்கிறார்கள். ஒரு மில்லில் ஈர நெல்லையும் இன்னொன்றில் காய்ந்த நெல்லையும் அரைத்துவிட்டு, எந்த மில்லில் அரிசி அதிகம் கண்டது என்று கேட்பது போல் இருக்கிறது. அரசுக் கொள்முதலிலேயே 17 சதவீத ஈரப்பதம் என்று வரம்பு வைத்தல்லவா நெல் எடுக்கிறார்கள்!

இந்த முறைகளுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். விளையாட்டு கேட்கும் படத்தைக் கார்டிடம் சொல்லி வரையவைக்கும் வழி அது. (பேரன் புண்ணியத்தில் நான் கற்றது.) நம் கடைக் கணக்கில் சொல்கிறேன். பழைய முறையில் பெரும்பாலும் ஒரே கணக்கப்பிள்ளை. ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்துக் கிடங்குக்கு அனுப்புவார். கிடங்கில் ஆட்கள் சும்மா நிற்பார்கள். 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12-இலும், 2016-இல் வந்த வல்கனிலும் பல குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில் சீட்டு எழுதிக் கட்டாக அனுப்பலாம். ஆனால் சரிபார்க்கும் பொறுப்பில் பெரும்பகுதி விளையாட்டை எழுதியவர் தலையில் விழும். அவர் கவனமில்லாதவர் என்றால் புதிய முறை பழையதைவிட மெதுவாகவும் ஓடும். கிடங்கே திணறுகிறபோது, அதாவது படத்தின் அளவைப் பெரிதாக்கிக் கார்டுக்கு முழுச் சுமை ஏற்றியபின், குமாஸ்தாக்களைக் கூட்டிப் பெரிய பயனில்லை.

2016-இல் வந்த 'டூம்' என்ற விளையாட்டு நல்ல உதாரணம். முதலில் ஓப்பன்ஜிஎல் முறையில் ஓடியது. ஜூலையில் வல்கன் சேர்த்தார்கள். ஏ.எம்.டி. கார்டுகளின் வேகம் வெகுவாக ஏறியது. என்விடியா கார்டுகளுக்கு அந்த அளவு ஏற்றமில்லை. ஆகவே ஒரு கார்டில் கண்ட லாபத்தை இன்னொன்றின் கணக்கில் எழுதக் கூடாது.

சராசரியை மட்டும் நம்புவதும் தவறு. வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 16.7 மில்லி வினாடி. நடுவே ஒரு படம் 100 மில்லி வினாடி எடுத்தால் திரை வெட்டி நிற்கும். சராசரியில் அது தெரியவே தெரியாது. வருடச் சராசரி வியாபாரத்தைப் பார்த்தா தீபாவளிக்கு முந்தின மாலைக்கு ஆள் போடுகிறோம்? அதற்காகத்தான் 'ஒரு சதவீத லோ' என்று, மிக மெதுவாக வந்த படங்களின் வேகத்தைத் தனியே தருகிறார்கள். பட்டியலில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

எடைக்கல்லில் கைவைப்பதும் இந்தத் தொழிலில் நடந்திருக்கிறது. 2001-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டில் 'குவேக் 3' விளையாட்டின் பெயரைக் 'குவாக்' என்று மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தது, படம் தெளிவானது! பெயரை அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகம் காட்டியிருந்தது டிரைவர்.

நண்பரிடம், ஒரே விளையாட்டு, ஒரே ஏ.பி.ஐ., ஒரே பட அளவு, ஒரே பிராசஸர் வைத்து இரண்டு கார்டுக்கும் எண் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முன்பணம் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது.